வில்லியம் ஹாமில்டன் (தூதுவர்)

இக்கட்டுரை எரிமலைகளை ஆராய்ந்த பிரித்தானியத் தூதுவரைப் பற்றியது. அயர்லாந்துக் கணிதவியலாளரான வில்லியம் ரோவன் ஹாமில்டன் வேறொருவர்.

சர் வில்லியம் ஹாமில்டன் (ஜனவரி 12, 1731 – ஏப்ரல் 6, 1803) ஒரு பிரித்தானியத் தூதுவரும், தொல்பொருள் சேகரிப்பாளரும், எரிமலையியலின் முன்னோடிகளுள் ஒருவரும் ஆவார். 1764 முதல் 1800 வரை, இத்தாலியின் தென்பகுதியில் அமைந்திருந்த நேப்பிள்ஸ் இராச்சியத்தில் பிரித்தானியத் தூதுவராகப் பணியாற்றினார். அக்காலத்தில் அடிக்கடி சீறிக்கொண்டிருந்த வெசுவியஸ் எரிமலையின் உச்சிக்கு, உள்ளூர் வழிகாட்டிகளின் துணையுடன் 60க்கும் மேற்பட்ட முறை ஏறினார். தான் கண்டவற்றை இலண்டனிலுள்ள அரச கழகத்துக்கு (ராயல் சொசைட்டி) கடிதங்களாக எழுதி அனுப்பினார். எரிமலையைப் பற்றிய அறிவை நூல்களிலிருந்து அல்லாமல், நேரடியான, தொடர்ச்சியான களநோக்கின் மூலம் பெறவேண்டும் என்பதைச் செயலில் காட்டியதே இவரது முதன்மையான பங்களிப்பாகக் கருதப்படுகிறது.

இளமைக் காலம்

ஹாமில்டன், ஜமைக்காவின் ஆளுநராக இருந்த ஆர்ச்சிபால்ட் ஹாமில்டன் பிரபுவுக்கும் ஜேன் சீமாட்டிக்கும் நான்காவது மகனாகப் பிறந்தார். இவருடைய தாயார் அரச குடும்பத்துக்கு நெருக்கமானவர். இதனால், பின்னாளில் மூன்றாம் ஜார்ஜ் மன்னராக முடிசூடிய இளவரசருடன் சிறு வயதில் பழகும் வாய்ப்பு இவருக்குக் கிடைத்தது. வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் கல்வி பயின்றபின், 1747 ஆம் ஆண்டில் காலாட்படைப் பிரிவொன்றில் அதிகாரியாகச் சேர்ந்தார்.

1758 ஆம் ஆண்டில் படையிலிருந்து விலகி, வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த நிலக்கிழார் ஒருவரின் மகளான கேத்தரின் பார்லோவை மணந்தார். 1761 இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். கேத்தரின் ஆஸ்துமா நோயால் அவதியுற்று வந்தமையால், வெப்பமான இடத்தில் வாழ்வது அவருக்கு நல்லது எனக் கருதப்பட்டது. இந்நிலையில் நேப்பிள்ஸ் நகருக்கான தூதுவர் பதவி வெற்றிடமாகவே, ஹாமில்டன் அதனை விரும்பிப் பெற்றார். 1764 நவம்பரில் தம்பதியினர் நேப்பிள்ஸ் வந்து சேர்ந்தனர்.

நேப்பிள்சும் வெசுவியசும்

வெசுவியஸ், நேப்பிள்ஸ் நகருக்குக் கிழக்கே கடற்கரையை அண்டி நிற்கும் எரிமலை. கி.பி. 79 இல் பொம்பெயி, ஹெர்குலேனியம் ஆகிய நகரங்களைப் புதைத்தது இம்மலையே. 1631 ஆம் ஆண்டு வெடிப்பில் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். அதன்பின் 1944 வரை குறுகிய இடைவெளிகளில் மீண்டும் மீண்டும் வெடித்து வந்தது. எனவே ஹாமில்டன் நேப்பிள்சில் வாழ்ந்த காலம் முழுவதும் இது உயிர்ப்புள்ள எரிமலையாகவே இருந்தது.

தூதுவர் பணியில் வேலைப்பளு அதிகம் இல்லாத ஆண்டுகள் பல. நேப்பிள்சில் பலாட்சோ செஸ்ஸா என்ற மாளிகையில் வசித்த ஹாமில்டன், மலையடிவாரத்தில் போர்ட்டிச்சி அருகே வில்லா ஆஞ்செலிக்கா என்ற வீட்டையும் வைத்திருந்தார். அங்கிருந்து மலையின் போக்கை நாள்தோறும் பார்க்கவும், மாற்றம் ஏதும் தெரிந்தால் உடனே புறப்படவும் முடிந்தது.

மலையேற்றமும் வழிகாட்டிகளும்

18 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வந்தர் வீட்டு இளைஞர்கள் கல்வியின் ஒரு பகுதியாக இத்தாலிக்குப் பயணம் செய்வது வழக்கம். இப்பயணத்தில் வெசுவியஸ் முக்கியமான இடமாக விளங்கியது. பயணிகள் நேப்பிள்சிலிருந்து வண்டியில் அடிவாரத்திலுள்ள ரெசினா (இன்றைய எர்கொலானோ) என்ற ஊருக்கு வருவர். அங்கே வழிகாட்டிகளையும் கோவேறு கழுதைகளையும் அமர்த்திக்கொண்டு, வழியில் துறவி ஒருவரின் குடிலில் இளைப்பாறி, கூம்பின் அடியை அடைவர். அதற்குமேல் நடந்துதான் செல்ல வேண்டும். சாம்பலும் தளர்ந்த கற்களும் நிறைந்த செங்குத்தான சரிவில், ஒவ்வோர் அடி வைக்கும்போதும் கால் பின்னோக்கிச் சறுக்கும். வழிகாட்டிகள் இடுப்பில் தோல் பட்டை கட்டியிருப்பர். பயணி அதைப் பற்றிக்கொள்ள, அவரை மேலே இழுத்துச் செல்வர்.

ஹாமில்டனின் வழக்கமான வழிகாட்டியாக அமைந்தவர் பார்த்தொலோமியோ பூமோ என்பவர். மலையின் எந்தப் பகுதியில் எரிமலைக் குழம்பு ஓடுகிறது, எந்த மேலோடு ஆள் பாரத்தைத் தாங்கும், காற்று எப்போது திசை மாறும் என்பனவெல்லாம் இவருக்கு அனுபவத்தால் தெரிந்திருந்தன. உள்ளூர்வாசியான இவரது பெயர் ஹாமில்டனின் கடிதங்கள் வாயிலாகவே இன்றுவரை நிலைத்துள்ளது.

நேப்பிள்ஸ் வந்த சிறப்பு விருந்தினர் பலரை ஹாமில்டன் தாமே மலைக்கு அழைத்துச் சென்றார். 1771 மே மாதத்தில் நேப்பிள்ஸ் மன்னர் நான்காம் ஃபெர்டினாண்டையும் அரசியையும் ஓடும் எரிமலைக் குழம்பைக் காண்பதற்கு இரவில் அழைத்துச் சென்ற காட்சி ஓவியமாகவும் வரையப்பட்டுள்ளது.

1766, 1767 வெடிப்புகள்

1765 செப்டம்பரில் வெசுவியசின் உச்சியிலிருந்து புகை வெளிவருவது மிகுந்ததை ஹாமில்டன் குறித்துக்கொண்டார். 1766 மார்ச் 28 அன்று வெடிப்பு தொடங்கியது. மலையிலேயே பல பகல்களையும் இரவுகளையும் கழித்து, குழம்பின் வேகத்தையும் தன்மையையும் கவனித்தார். எரிமலைவாய்க்கு அருகே அதன் வேகம் இங்கிலாந்தின் செவர்ன் ஆற்றின் ஓட்டத்தை ஒத்திருந்தது என மதிப்பிட்டார். இது பற்றிய அறிக்கைகள் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளியாயின. 1766 இல் அக்கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1767 அக்டோபர் 19 அன்று நிகழ்ந்தது இவரது உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கும். உள்ளூர் உழவர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு மலையில் இருந்தபோது, நண்பகல் அளவில் சுமார் கால் மைல் தொலைவில் மலையின் பக்கம் பிளந்தது. அதிலிருந்து நெருப்புக் குழம்பு ஊற்றாக எழும்பி, அவர்கள் இருந்த திசை நோக்கியே பாய்ந்து வந்தது. நிலம் நடுங்கியது, நுரைக்கற்கள் மழையாய் விழுந்தன, கரும்புகையாலும் சாம்பலாலும் பகல் இருண்டது. முதலில் ஓடியவர் வழிகாட்டி. அவரைத் தொடர்ந்து ஹாமில்டனும் ஓடினார். ஏறத்தாழ மூன்று மைல் தொலைவு நிற்காமல் ஓடியே இருவரும் தப்பினர். வீடு திரும்பிய ஹாமில்டன், கட்டடம் அதிர்வதைக் கண்டு குடும்பத்தினருடன் நேப்பிள்சுக்கு இடம்பெயர்ந்தார். போர்ட்டிச்சி அரண்மனையிலிருந்த அரச குடும்பமும் அன்றிரவே வெளியேறியது.

நகரில் மக்கள் பெரும் அச்சத்தில் இருந்தனர். நகரின் காவல் புனிதரான ஜெனாரோவின் திருப்பொருட்களை வெளியே கொண்டுவருமாறு கோரிய கூட்டத்தினர், பேராயர் இல்லத்தின் வாயிலுக்குத் தீ வைத்தனர். பின்னர் திருப்பொருட்கள் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டன. இச்சமூக நிகழ்வுகளையும் ஹாமில்டன் தம் அறிக்கையில் சேர்த்திருந்தார். வெடிப்பை நேரில் காணாதவர்கள் புரிந்துகொள்வதற்காக, பின்னாலிருந்து ஒளியூட்டினால் குழம்பு ஓடுவது போலத் தோன்றும் ஓவியம் ஒன்றையும் அரச கழகத்துக்கு அனுப்பினார்.

எட்னா பயணம்

1769 ஜூன் மாதத்தில் சிசிலித் தீவிலுள்ள எட்னா எரிமலையில் ஹாமில்டன் ஏறினார். கட்டானியா நகரைச் சேர்ந்த பாதிரியாரும் எட்னாவின் வரலாற்றை ஆராய்ந்து வந்தவருமான ரெக்குப்பேரோ இப்பயணத்தில் துணையாக வந்தார். எட்னாவின் சரிவுகளெங்கும் சிறு கூம்புகள் பல காணப்பட்டன. அவற்றுள் ஒன்றான மோந்தி ரோஸ்ஸி 1669 ஆம் ஆண்டு வெடிப்பில் உருவானது. தனித்தனி வெடிப்புகளால் இவ்வாறு குன்றுகள் உருவாகுமாயின், முழு மலையும் அவ்வாறே சிறிது சிறிதாக வளர்ந்திருக்க வேண்டும் என்ற கருத்து இப்பயணத்தால் வலுப்பெற்றது. எட்னா பற்றிய இவரது கட்டுரைக்கு 1770 இல் அரச கழகத்தின் உயரிய விருதான காப்ளி பதக்கம் வழங்கப்பட்டது.

கருத்துகள்

எரிமலை என்பது உள்ளே தீப்பற்றிக்கொண்ட ஒரு மலை என்பதே அக்காலத்தில் பலரது எண்ணமாக இருந்தது. ஹாமில்டன் இதனை மாற்றிச் சொன்னார். முன்பே இருந்த மலை எரிவதில்லை, எரிமலைச் செயற்பாடே மலையை உருவாக்குகிறது என்பது அவரது முடிவு. நேப்பிள்சுக்கு மேற்கே 1538 ஆம் ஆண்டில் சில நாட்களில் எழுந்த மோந்தே நுவோவோ என்ற குன்றை இதற்குச் சான்றாகக் காட்டினார். எரிமலைப் படிவுகளுக்கு இடையே வளமான மண் அடுக்குகள் காணப்படுவதையும் கவனித்தார். ஒவ்வோர் அடுக்கு மண்ணும் உருவாக நீண்ட காலம் தேவைப்படுமாதலால், இந்நிலப்பகுதி மிகப் பழமையானதாக இருக்கவேண்டும் என உய்த்துணர்ந்தார். எரிமலைகளை அழிவின் சின்னமாக மட்டும் பார்க்காமல், நிலத்தை உருவாக்கும் இயற்கை ஆற்றலாகவும் அவர் பார்த்தார்.

நூல்கள்

அரச கழகத்துக்கு எழுதிய கடிதங்கள் தொகுக்கப்பட்டு, வெசுவியஸ், எட்னா முதலிய எரிமலைகள் பற்றிய நூலாக 1772 இல் இலண்டனில் வெளியாயின. அதே ஆண்டில் இவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. 1776 இல் காம்பி ஃபிளெக்ரேயி என்ற நூல் நேப்பிள்சில் ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய இரு மொழிகளில் வெளிவந்தது. பியெத்ரோ ஃபாப்ரிஸ் என்னும் ஓவியர் ஹாமில்டனின் மேற்பார்வையில் வரைந்த, கையால் வண்ணம் தீட்டப்பட்ட 54 படங்கள் இதில் உள்ளன. 1779 ஆம் ஆண்டு வெடிப்பு பற்றிய இணைப்பு அதே ஆண்டில் வெளியானது.

1779 மே மாதத்தில் ஹாமில்டனும் ஆங்கில நண்பர் ஒருவரும் பூமோவுடன் மலையில் இரவைக் கழித்தனர். திடீரெனக் காற்று திசை மாறி, புகையும் வெப்பமும் அவர்களைச் சூழ்ந்தன. அப்போது, 50 முதல் 60 அடி அகலத்தில் ஓடிக்கொண்டிருந்த குழம்பின் இறுகிய மேலோட்டின்மீது நடந்து கடக்கலாம் எனப் பூமோ கூறி, தாமே முன்னே நடந்தார். மற்றவர்கள் அவரைப் பின்தொடர்ந்து, கால்களில் வெப்பம் தாக்கியதைத் தவிர வேறு தீங்கின்றி மறுகரையை அடைந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் மலையின் உயரத்தைப் போலப் பன்மடங்கு உயரத்துக்கு நெருப்பு ஊற்று எழுந்தது.

தாம் ஊரில் இல்லாத நாட்களிலும் பதிவுகள் விடுபடாமல் இருக்க, ரெசினாவில் வசித்த அந்தோனியோ பியாஜியோ என்ற பாதிரியாரை வெசுவியஸ் நாட்குறிப்பு எழுதுமாறு ஹாமில்டன் அமர்த்தினார். 1779 முதல் 1795 வரை எழுதப்பட்ட அக்கையெழுத்துப் படிகள் அரச கழகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. 1783 இல் கலாப்ரியாவைத் தாக்கிய நிலநடுக்கங்களுக்குப் பின் அப்பகுதிக்குச் சென்று அறிக்கை எழுதினார். 1794 ஜூன் மாத வெடிப்பில் டோரே தெல் கிரேக்கோ என்ற ஊர் குழம்பால் அழிந்தது. அறுபது வயதைக் கடந்திருந்த ஹாமில்டன், சீற்றம் தணிந்தபின் மீண்டும் மலைக்குச் சென்று மாற்றங்களைப் பதிவு செய்தார்.

தொல்பொருள் சேகரிப்பு

பண்டைய கிரேக்கக் கலயங்களைச் சேகரிப்பதில் ஹாமில்டன் பேரார்வம் கொண்டிருந்தார். இவரது முதல் தொகுப்பைப் பிரித்தானிய அருங்காட்சியகம் 1772 இல் 8,400 பவுண்டுக்கு வாங்கியது. இத்தொகுப்பின் படநூல் வெட்ஜ்வுட் போன்ற மட்பாண்ட உற்பத்தியாளர்களின் வடிவமைப்பில் செல்வாக்குச் செலுத்தியது. புகழ்பெற்ற போர்ட்லாந்து கலயமும் சிலகாலம் இவரிடம் இருந்தது. இரண்டாவது தொகுப்பின் ஒரு பகுதி, 1798 இல் கொலோசஸ் என்ற கப்பல் சில்லித் தீவுகளுக்கு அருகே மூழ்கியபோது கடலில் போயிற்று.

இறுதிக் காலம்

1782 இல் கேத்தரின் காலமானார். 1791 இல், தம்மைவிட முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் இளையவரான எம்மாவை ஹாமில்டன் மணந்தார். பின்னர் எம்மாவுக்கும் கடற்படைத் தளபதி நெல்சனுக்கும் இடையே ஏற்பட்ட உறவு ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டது. 1798 டிசம்பரில் பிரெஞ்சுப் படைகள் நெருங்கியபோது, அரச குடும்பத்துடன் ஹாமில்டன் தம்பதியினரும் நெல்சனின் கப்பலில் பலெர்மோவுக்குத் தப்பிச் சென்றனர். 1799 இல் நேப்பிள்ஸ் மீட்கப்பட்டபின் குடியரசு ஆதரவாளர் பலர் தூக்கிலிடப்பட்டனர். அந்நிகழ்வுகளில் நெல்சனுக்குத் துணைநின்றதற்காக ஹாமில்டன் மீதும் கண்டனங்கள் எழுந்தன.

1800 இல் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்ட ஹாமில்டன், 1803 ஏப்ரல் 6 அன்று இலண்டனில் காலமானார். வேல்சில் உள்ள ஸ்லெபெக் என்ற ஊரில் முதல் மனைவி கேத்தரினின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

மதிப்பீடு

எம்மாவின் கணவர் என்ற அளவிலேயே ஹாமில்டன் நெடுங்காலம் நினைவுகூரப்பட்டார். பிற்காலத்தில் எரிமலையியல் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் இவரது பணியின் மதிப்பை எடுத்துக்காட்டினர். இவருக்கு முறையான அறிவியல் பயிற்சி இருக்கவில்லை. ஆயினும் ஒரே மலையை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அமைதியாக இருந்தபோதும் சீறியபோதும் கவனித்துப் பதிவு செய்தமையால், அவரது குறிப்புகள் வெசுவியசின் வரலாற்றுக்கு இன்றியமையாத ஆதாரமாயின. இப்பதிவுகள் ஹாமில்டனின் பெயரில் வெளிவந்தாலும், பூமோ, ஃபாப்ரிஸ், பியாஜியோ போன்றோரின் உழைப்பும் அவற்றில் அடங்கியுள்ளது. 1841 இல் வெசுவியசின் சரிவில் எரிமலை ஆய்வகம் ஒன்று நிறுவப்பட்டது. ஹாமில்டன் தனியொருவராகத் தொடங்கிய தொடர் கண்காணிப்பு, அதன்பின் ஒரு நிறுவனத்தின் பணியாக மாறியது.