எரிமலை எப்படி வெடிக்கும்? பக்கத்துல போய்ப் பார்க்கக் கிளம்பி உயிரைவிட்ட ரோமானிய தளபதி பிளினியின் கதை

கி.பி. 79ஆம் ஆண்டு. இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடா. மதியம் சுமார் 1 மணி இருக்கும். மிசேனம் என்ற துறைமுக ஊரில், ரோமானியக் கடற்படைத் தளபதி ஒருவர் குளிச்சு, சாப்பிட்டு முடிச்சு, படுத்தபடியே புத்தகத்தோடு இருந்தார். அவருடைய சகோதரி வந்து, வானத்தில் ஏதோ விசித்திரமான மேகம் தெரியுது, வந்து பாருங்க என்றார்.

அவர் உடனே செருப்பை எடுத்து வரச் சொல்லிவிட்டு, உயரமான இடத்தில் ஏறி நின்று பார்த்தார். தூரத்தில் ஒரு மலையிலிருந்து மேகம் நெட்டுக்குத்தலா எழும்பிக்கொண்டிருந்தது. கீழே நீளமான தண்டு, உச்சியில் விரிந்த குடை. இத்தாலியில் வளரும் குடை பைன் மரம் மாதிரியே இருந்தது.

அந்தத் தளபதி பெயர் பிளினி. அவர் பார்த்தது வெசுவியஸ் எரிமலையின் வெடிப்பு. அதற்குப் பிறகு அவர் ரெண்டு நாள்கூட உயிரோடு இல்லை. ஆனால் இன்று உலகின் மிகப் பயங்கரமான எரிமலை வெடிப்புகளை விஞ்ஞானிகள் அவர் குடும்பப் பெயரால்தான் அழைக்கிறார்கள். ஏன்?

யார் இந்த பிளினி?

முழுப் பெயர் கயஸ் பிளினியஸ் செகுண்டஸ். இதே பெயரில் புகழ்பெற்ற மருமகன் ஒருவர் இருப்பதால், இவரை மூத்த பிளினி என்பார்கள். வட இத்தாலியின் கோமோ ஊரில் கி.பி. 23 அல்லது 24இல் பிறந்தவர். இளம் வயதில் ஜெர்மானிய எல்லையில் குதிரைப்படை அதிகாரியாக இருந்தார். குதிரையில் இருந்தபடி ஈட்டி எறிவது எப்படின்னு அப்போதே ஒரு புத்தகம் எழுதினார்.

நீரோ மன்னன் காலத்தில், எதை எழுதினாலும் தலை போகும் என்ற நிலை. அதனால் இலக்கணம் மாதிரி வம்பில்லாத விஷயங்களோடு நிறுத்திக்கொண்டார். அடுத்து வெஸ்பேசியன் பேரரசர் ஆனதும் நிலைமை மாறியது. பெரிய பதவிகள் தேடி வந்தன. கடைசியாகக் கிடைத்ததுதான் மிசேனம் கடற்படைத் தளபதி பதவி.

படிப்பதில் அவருக்கு இருந்தது ஆர்வம் இல்லை, வெறி. சாப்பிடும்போது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டணும். குளித்து உடம்பைத் துவட்டும்போதும் படிக்கணும். நடந்து போனால் படிக்க முடியாதே என்று ரோமில் பல்லக்கில்தான் போவார். நடந்து போன மருமகனை, இவ்வளவு நேரத்தை வீணாக்கிவிட்டாயே என்று கண்டித்திருக்கிறார்.

இப்படிச் சேர்த்த குறிப்புகளில் இருந்து உருவானதுதான் 'இயற்கை வரலாறு'. மொத்தம் 37 பாகங்கள். விண்மீன்கள், கடல், விலங்குகள், மரங்கள், மருந்துகள், உலோகங்கள், ஓவியம் என்று அவர் காலத்தில் தெரிந்த எல்லாமே அதில் உண்டு.

மதுரையை எழுதியவர், எதிரே இருந்த மலையை அறியவில்லை

நமக்கும் இந்தப் புத்தகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. தென்னிந்தியாவின் முசிறித் துறைமுகம், பாண்டிய மன்னன், கடற்கரையில் இருந்து வெகு தூரம் உள்ளே இருந்த மதுரை, ரோமில் மிளகு விற்ற விலை எல்லாவற்றையும் பிளினி எழுதி வைத்திருக்கிறார். இந்தியப் பொருட்களுக்காக ரோமின் பணம் வெளியே போகிறது என்று வருத்தப்பட்டும் இருக்கிறார்.

நெருப்பு கக்கும் மலைகளைப் பற்றியும் அதில் ஒரு பட்டியல் உண்டு. சிசிலியின் எட்னா முதல் ஆப்பிரிக்கா வரை பல மலைகள் இருக்கின்றன. ஆனால் அந்தப் பட்டியலில் வெசுவியஸ் இல்லை!

கடலுக்கு அந்தப் பக்கம், சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில், தினமும் கண்ணில் பட்ட மலை அது. அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. வெசுவியஸ் பல நூறு ஆண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்தது. சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். அடிமைகளின் தலைவன் ஸ்பார்டகஸ், ரோமானியப் படையிடம் இருந்து தப்பி ஒளிந்ததே இந்த மலையில்தான். உச்சியில் இருந்த பாறைகள் எரிந்த மாதிரி இருப்பதை ஸ்ட்ராபோ என்ற புவியியல் அறிஞர் முன்பே கவனித்து எழுதியிருந்தார். ஆனால் அந்த நெருப்பு அணைந்துபோய்விட்டது என்றே அவரும் நினைத்தார்.

மலை சும்மா இருக்கவில்லை என்பதற்கு அடையாளங்களும் இருந்தன. சுமார் 17 ஆண்டுகளுக்கு முன்பு பெரிய நிலநடுக்கம் வந்து பாம்பேய் நகரம் பலமாகச் சேதமானது. வெடிப்புக்கு முன் பல நாட்கள் நிலம் லேசாக ஆடியது. இந்தப் பக்கம் இதெல்லாம் வழக்கம்தானே என்று மக்கள் விட்டுவிட்டார்கள்.

மலைக்குள் என்ன நடந்தது?

ஆப்பிரிக்கக் கண்டத்தைச் சுமக்கும் நிலத்தட்டும், ஐரோப்பாவைச் சுமக்கும் தட்டும் மெதுவாக நெருங்கி முட்டிக்கொள்ளும் பகுதி இத்தாலி. ஒரு தட்டு இன்னொன்றின் கீழே இறங்கும்போது, அதிலுள்ள நீரும் கூடவே ஆழத்துக்குப் போகிறது. அந்த நீர் சேர்வதால், ஆழத்தில் இருக்கும் சூடான பாறை எளிதாக உருகுகிறது. இப்படி உருகிய பாறைக்குழம்புதான் மாக்மா. அதுவே வெளியே வந்து வழிந்தால் லாவா.

மாக்மா சுற்றியுள்ள பாறையைவிட எடை குறைந்தது. அதனால் மேலே ஏறி, சில கிலோமீட்டர் ஆழத்தில் தேங்கி நிற்கும். அதில் நீராவி, கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள் கரைந்திருக்கும். மேலே இருக்கும் பாறையின் அழுத்தம்தான் அந்த வாயுக்களை அடக்கி வைத்திருக்கிறது.

சோடா பாட்டிலை நினைத்துப் பாருங்க. மூடி இருக்கும் வரை வாயு தெரியாது. திறந்த உடனே அழுத்தம் குறைந்து, குமிழ் குமிழாக நுரைத்துப் பொங்கும். மாக்மா மேலே ஏற ஏற நடப்பதும் இதுதான்.

அப்போ எல்லா எரிமலையும் ஒரே மாதிரி வெடிக்குமா? இல்லை. ஹவாய் தீவுகளில் மாக்மா இளகலாக இருக்கும். வாயு சுலபமாகப் பிரிந்து போய்விடும், லாவா ஆறு மாதிரி ஓடும். வெசுவியஸின் மாக்மா பிசுபிசுப்பானது. குமிழ்கள் வெளியேற வழி இல்லாமல் உள்ளேயே பெருக்கும். ஒரு கட்டத்தில் மொத்தக் குழம்பும் தூள் தூளாகச் சிதறி, துப்பாக்கியில் இருந்து வருவதுபோல மேல்நோக்கிப் பாயும்.

அந்தச் சூடான சாம்பலும் வாயுவும் சுற்றியுள்ள காற்றை இழுத்துச் சூடாக்கி, மேலே மேலே ஏறும். சுற்றியுள்ள காற்றின் அடர்த்திக்குச் சமமாகும் உயரத்தில் ஏற்றம் நின்று, பக்கவாட்டில் பரவும். பிளினி பார்த்த தண்டும் குடையும் இதுதான். அந்தத் தூண் 30 கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்தது என்று விஞ்ஞானிகள் கணக்கிடுகிறார்கள். விமானங்கள் பறக்கும் உயரத்தைப்போல சுமார் மூன்று மடங்கு!

ஆராய்ச்சிப் பயணம், மீட்புப் பயணமாக மாறியது

அந்த மேகத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்க பிளினி முடிவு செய்தார். வேகமான சின்னக் கப்பல் ஒன்றைத் தயார் செய்யச் சொன்னார். 17 வயது மருமகனை, வருகிறாயா என்று கேட்டார். மாமா கொடுத்த பாடத்தை எழுத வேண்டியிருக்கு என்று அவன் வீட்டிலேயே இருந்துவிட்டான். அந்த வீட்டுப்பாடம்தான் அவனைக் காப்பாற்றியது என்று சொல்லலாம்.

பிளினி வாசல் தாண்டும்போது ஒரு கடிதம் வந்தது. மலையடிவாரத்தில் இருந்த ரெக்டினா என்ற பெண் அனுப்பியது. கடல் தவிரத் தப்ப வேறு வழி இல்லை, காப்பாற்றுங்கள் என்று கெஞ்சியிருந்தார். பிளினியின் திட்டம் அந்த நொடியில் மாறியது. போர்க் கப்பல்களைக் கடலில் இறக்கச் சொன்னார். ரெக்டினாவை மட்டுமல்ல, அந்தக் கரையோரத்தில் இருந்த எல்லோரையும் ஏற்றி வருவதுதான் நோக்கம்.

எல்லோரும் எங்கிருந்து ஓடினார்களோ, அந்த இடத்தை நோக்கி அவர் போனார். போகும்போதே பார்த்ததை எல்லாம் சொல்லிச் சொல்லி எழுத வைத்தார். கப்பல் மீது சாம்பல் விழுந்தது. பிறகு நுரைக்கற்கள் விழுந்தன. குமிழ்கள் நிறைந்த மாக்மா காற்றில் உறைந்து, ஓட்டை ஓட்டையாக எடை குறைந்த கல்லாக மாறுவதுதான் நுரைக்கல். கொட்டிய கற்களால் கரையை நெருங்கவே முடியவில்லை.

திரும்பிவிடலாம் என்றார் மாலுமி. பிளினி ஒரு கணம் யோசித்தார். பிறகு, தெற்கே ஸ்டாபியே ஊருக்கு, நண்பர் பொம்போனியானஸ் வீட்டுக்குக் கப்பலை விடச் சொன்னார்.

கொண்டுபோய்ச் சேர்த்த காற்றே கதவைச் சாத்தியது

வடமேற்கில் இருந்து அடித்த காற்று பிளினியின் கப்பலை வேகமாகக் கரை சேர்த்தது. ஆனால் அதே காற்றுதான் ஸ்டாபியேயில் இருந்து யாரும் கடலுக்குள் கிளம்ப முடியாமல் தடுத்தது. பொம்போனியானஸ் மூட்டை முடிச்சோடு காற்று மாறட்டும் என்று காத்திருந்தார். சாம்பலையும் கற்களையும் பாம்பேய், ஸ்டாபியே பக்கமாகத் தள்ளியதும் அந்தக் காற்றுத்தான்.

நடுங்கிக்கொண்டிருந்த நண்பரைக் கட்டிப்பிடித்துத் தேற்றினார் பிளினி. பயத்தைப் போக்கணும் என்று குளித்தார், சிரித்த முகத்தோடு சாப்பிட்டார். மலையில் தெரிந்த தீயைப் பார்த்து மற்றவர்கள் பயந்தபோது, ஓடிப்போன விவசாயிகளின் வீடுகள் எரிகின்றன, அவ்வளவுதான் என்றார். பிறகு போய்ப் படுத்தார். குறட்டைச் சத்தம் வெளியே கேட்டது.

இரவில் முற்றத்தில் கல்லும் சாம்பலும் ஏறிக்கொண்டே போனது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் அறைக் கதவையே திறக்க முடியாது என்ற நிலையில் அவரை எழுப்பினார்கள். வீடு ஆடியது. வெளியே கல்மழை. உள்ளே இருப்பதா, போவதா? தலையில் தலையணைகளைக் கட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார்கள்.

தூண் சரிந்தால்தான் பேராபத்து

கல்மழை பெய்த நேரத்தில் தப்ப நிறையப் பேருக்கு வாய்ப்பு இருந்தது. அதற்கு அடுத்த கட்டம்தான் கொடூரம். வானத்தில் நின்ற தூண் தன் எடையைத் தாங்க முடியாமல் சரியும்போது, பல நூறு டிகிரி சூட்டில் சாம்பலும் வாயுவும் மலைச்சரிவில் தரையோடு பாய்ந்து வரும். வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். ஓடி எல்லாம் தப்ப முடியாது.

காற்றுத் திசை காரணமாக ஹெர்குலேனியம் நகரில் முதலில் கல் அதிகம் விழவில்லை. ஆனால் நள்ளிரவு வாக்கில் இந்த வெப்பப் பாய்ச்சல் அதை மூடியது. கடற்கரைப் படகுக் கொட்டகைகளில் ஒதுங்கிய சுமார் 300 பேரின் எலும்புகள் 1980களில் இருந்து நடந்த அகழாய்வில் கிடைத்தன. பாம்பேய் நகரத்தின் முறை மறுநாள் காலையில் வந்தது.

பிளினிக்கு என்ன ஆனது?

விடிந்தும் ஸ்டாபியேயில் இருட்டு விலகவில்லை. தீப்பந்தத்தோடு கரைக்குப் போனார்கள். கடல் இன்னும் கொந்தளித்தது. விரித்துப்போட்ட துணியில் படுத்த பிளினி, ரெண்டு முறை தண்ணீர் கேட்டுக் குடித்தார். கந்தக நெடி வந்ததும் மற்றவர்கள் ஓடினார்கள். ரெண்டு அடிமைகளைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர், அப்படியே சரிந்து விழுந்தார். அப்போது அவருக்கு வயது 55.

வெளிச்சம் திரும்பிய பிறகு, காயம் எதுவும் இல்லாமல், தூங்குவது மாதிரி கிடந்த உடலைக் கண்டெடுத்தார்கள். புகையால் மூச்சு அடைத்தது என்று மருமகன் நினைத்தார். பிளினிக்கு ஏற்கெனவே மூச்சுத் தொந்தரவு உண்டு. ஆனால் கூட இருந்தவர்கள் தப்பிவிட்டதால், மாரடைப்பாக இருக்கலாம் என்று கருதுபவர்களும் உண்டு.

ஒரு பெயர் நிலைத்தது எப்படி?

வீட்டில் இருந்த மருமகனும் ஆபத்தில் இருந்து தப்பவில்லை. மறுநாள் கடல் பின்வாங்கியதையும், கரும்மேகம் மிசேனம் வரை வந்ததையும் அவன் பார்த்தான். என்னை விட்டுவிட்டு நீ ஓடிப்போ என்றார் தாய். அவன் கேட்கவில்லை, கையைப் பிடித்துக் கூட்டிப் போனான். ரெண்டு பேரும் பிழைத்தார்கள்.

அவர்தான் இளைய பிளினி. சுமார் 25 ஆண்டுகள் கழித்து, வரலாற்று ஆசிரியர் டாசிட்டஸ் கேட்டதால், மாமாவின் கடைசி நாளையும் தன் அனுபவத்தையும் ரெண்டு கடிதங்களாக எழுதினார். மேகத்தின் உருவம், கல் விழுந்த வரிசை, நில அதிர்வு, கடல் பின்வாங்கியது என்று எல்லாம் அதில் இருந்தது. ஒரு எரிமலை வெடிப்பை நேரில் பார்த்து இவ்வளவு விவரமாக எழுதியது, நமக்குக் கிடைத்தவரை அதுதான் முதல் முறை.

அதனால்தான் உயரமான தூணோடு, குடை விரித்து வெடிக்கும் வகைக்கு 'பிளினியன்' வெடிப்பு என்று பெயர். 1991இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்ததும் இதே வகைதான். ஆனால் அப்போது விஞ்ஞானிகள் நில அதிர்வுகளை முன்கூட்டியே கவனித்து எச்சரித்தார்கள். பல்லாயிரம் பேர் வெடிப்புக்கு முன்பே வெளியேற்றப்பட்டார்கள்.

வெசுவியஸ் கடைசியாக வெடித்தது 1944இல். அதன் ஆபத்து எல்லைக்குள் இன்று ஆறு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வசிக்கிறார்கள். நில அதிர்வு, தரை உயர்வது, வாயுக் கசிவு எல்லாவற்றையும் கருவிகள் இரவு பகலாகக் கண்காணிக்கின்றன. நிலம் லேசாக ஆடினால், இது வழக்கம்தானே என்று இப்போது யாரும் விட்டுவிடுவதில்லை. பிளினியின் பட்டியலில் விட்டுப்போன அந்த மலை, இன்று எரிமலைகளின் எந்தப் பட்டியலை எடுத்தாலும் முன்வரிசையில் இருக்கிறது.