இலங்கைத் தாவரங்களைக் கணக்கெடுத்த ஹென்றி ட்றைமன் (1843 – 1896)

மாணவர்களே, புளியங்குளத்தைச் சூழ்ந்த காடுகளிலுள்ள பாலை, வீரை, முதிரை என்பன நீங்கள் நன்கறிந்த மரங்கள். இம்மரங்களின் தமிழ், சிங்களப் பெயர்களைத் தாவரவியற் பெயர்களுடன் சேர்த்து நூலாக்கியவர் ஹென்றி ட்றைமன் ஆவார்.

இவர் 1843 இல் இலண்டனிற் பிறந்தார். மருத்துவம் கற்றாராயினும் நாட்டமெல்லாம் தாவரங்களிலேயே இருந்தது. பிரித்தானிய நூதனசாலையின் தாவரவியற் பகுதியிற் கடமையாற்றிய பின், 1880 இல் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக இலங்கை வந்தார்.

அவர் வந்தபோது மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்தன. 1869 இல் தோன்றிய இலைநோயே காரணம். காட்டை அழித்து ஒரே இனத்தை அடுத்தடுத்து நட்டிருந்தமையால் பங்கசின் வித்திகள் பரவுவது இலகுவாயிற்று. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆயிரம் கோப்பிச் செடிகள் நிற்கும் நிலத்தில் இனம் ஒன்றுதான். அதேயளவு காட்டில் ஐம்பது மரங்களே நின்றாலும் அவை இருபது இனங்களைச் சேர்ந்தவையாயின் அதுவே இனச் செழுமை கூடியது. ஒரு சாகியத்திலுள்ள இனங்களின் எண்ணிக்கையே இனச் செழுமை, தனியன்களின் தொகையன்று. விடை எழுதும்போது பலர் தடுமாறுவது இவ்விடத்திற்றான்.

ஆனால் இனங்களை எண்ணுவது மரங்களை எண்ணுவதுபோல் இலகுவன்று. ஓர் இனத்துக்கு இரு பெயர்கள் வழங்கினால் கணக்குக் கூடிவிடும். இரு இனங்கள் ஒரே பெயரில் மறைந்திருந்தால் குறைந்துவிடும். ஆகவே ட்றைமன், 17 ஆம் நூற்றாண்டில் ஹேர்மன் இங்கு சேகரித்த உலர் தாவரங்களையும், அவற்றைக்கொண்டு லின்னேயசு 1747 இல் எழுதிய நூலையும் ஒப்பிட்டுப் பெயர்களைச் சீர்செய்தார். 1885 இல் பெயர்ப்பட்டியலை வெளியிட்டார். பூக்கும் தாவரங்கள் ஏறத்தாழ 2,800 இனங்கள் எனக் கணக்காயிற்று.

1893 இல் அவரது இலங்கைத் தாவரக் கைந்நூலின் முதற்பாகம் வெளிவந்தது. ஒவ்வோர் இனமும் ஈரவலயத்துக்குரியதா, உலர்வலயத்துக்குரியதா, பொதுவானதா, அரியதா என அதிற் குறித்தார். எத்தனை இனம் என்பது ஒரு கேள்வி. ஒவ்வொன்றும் எவ்வளவு உண்டு என்பது வேறு கேள்வி. இந்நாட்டுக்கே உரிய இனங்கள் பெரும்பாலும் ஈரவலயத்திலேயே உள்ளன. அதற்காக வன்னிக் காட்டை வறிய காடு என எழுதிவிடாதீர்கள்! மாதக்கணக்கான வறட்சியைத் தாங்கும் இனங்களே இங்கு நிலைக்கின்றன. எண்ணிக்கை குறைவது அதனாலேயே. இரு காடுகளை ஒப்பிடுவதாயின் சம பரப்புள்ள துண்டங்களையே எடுக்கவேண்டும். பரப்புக் கூடக்கூடக் காணும் இனங்களும் கூடும்.

இதனிடையே ட்றைமனின் செவிப்புலன் குன்றியது. கால்களும் செயலிழந்தன. அந்நிலையிலும் 1895 இல் மூன்றாம் பாகத்தை வெளியிட்டார். 1896 ஒற்றோபரில் காலமானார். எஞ்சிய இரு பாகங்களையும் ஹூக்கர் 1898 இலும் 1900 இலும் நிறைவுசெய்தார். 1931 இல் ஓல்சுரன் பின்னிணைப்பு எழுதினார். 1980 முதல் 2006 வரை முழு நூலும் திருத்தப்பட்டு 15 தொகுதிகளாக வெளிவந்தது.