துறைமுகக் குமாஸ்தா ராமானுஜன்

மாதச் சம்பளம் 30 ரூபாய். வேலை, கணக்குப் பிரிவில் குமாஸ்தா. 1912-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி சென்னைத் துறைமுகக் கச்சேரியில் இந்த வேலையில் வந்து சேர்ந்தார் ஓர் இளைஞர். வயது 24. பட்டம் கிடையாது. எப்.ஏ. பரீட்சையில் தேறாதவர்.

அவர்தான் கணித மேதை சீனிவாச ராமானுஜன்!

அவர் போட்ட கணக்குகளை உலகம் அறியும். அந்தக் கணக்குகளைப் போட அவருக்கு மன நிம்மதி தந்த கச்சேரியைப் பற்றி அறிந்தவர்கள் குறைவு.

வேலை தேடி அலைந்தார்

ராமானுஜன் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை சீனிவாச அய்யங்கார் ஜவுளிக்கடையில் கணக்குப்பிள்ளை. தாயார் கோமளத்தம்மாள்.

கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் இடம் கிடைத்தது. ஆனால் கணிதத்தைத் தவிர வேறு பாடத்தில் அவர் மனம் செல்லவில்லை. பரீட்சையில் தவறினார். உபகாரச் சம்பளம் நின்றது. வெட்கம் தாளாமல் 1905-ல் வீட்டை விட்டு விசாகப்பட்டினத்துக்கு ஓடிப் போனார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1907-ல் அங்கும் தோல்விதான்.

1909-ல் ஜானகியை மணந்தார். குடும்பம் வந்துவிட்டது, வருமானம் இல்லை. நோட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். பிறர் தயவில் உண்பது ராமானுஜனின் மனத்தை உறுத்தியது. உழைத்துச் சாப்பிடவே விரும்பினார்.

சிலேட்டும் கையுமாக

துறைமுகக் கச்சேரியின் சேர்மன் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர் எஸ். நாராயண அய்யர். இந்தியக் கணிதச் சங்கத்தில் பொறுப்பு வகித்தவர். தாமே கணிதம் கற்றவர்.

ராமானுஜன் கச்சேரி வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுத் தம் கணிதத்தில் மூழ்கிவிடுவார். மேலதிகாரிகள் அதைக் குற்றமாக எண்ணவில்லை. இரவில் திருவல்லிக்கேணியில் உள்ள நாராயண அய்யரின் வீட்டில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டுடன் உட்கார்ந்து நெடுநேரம் கணக்குப் போடுவார்கள்.

பத்துப் படிகளை ஒரே தாவலில் தாண்டிவிடுவது ராமானுஜனின் வழக்கம். இடையில் உள்ள படிகளையும் எழுதினால்தான் மற்றவர்களுக்கு விளங்கும் என்று நாராயண அய்யர் பொறுமையாகச் சொல்லிச் சொல்லி எழுத வைத்தார். தமக்குக் கீழ் வேலை பார்க்கும் குமாஸ்தாவிடம் மாணவனைப் போல உட்கார அவர் தயங்கவில்லை!

1913-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி ராமானுஜன் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தாம் ஒரு துறைமுகக் குமாஸ்தா என்பதை மறைக்காமல் அதில் குறிப்பிட்டார். ஹார்டி வியந்தார். அதே ஆண்டு மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்தது. கச்சேரி அவருக்கு நீண்ட விடுப்புக் கொடுத்தது. அவர் சீமைக்குப் போகவும் ஸ்பிரிங் துரை முன்நின்று முயன்றார். 1914-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி ராமானுஜன் கப்பல் ஏறினார்.

சீமையில் தனிமை

கேம்பிரிட்ஜில் புகழ் வந்தது, நிம்மதி போயிற்று. சில மாதங்களில் உலகப் போர் மூண்டது. சுத்த சைவரான அவருக்குக் காய்கறி கிடைப்பது அரிதாயிற்று. தாமே சமைத்தார், சமைக்க மறந்தும் போனார். இரவு பகல் பாராமல் உழைத்தார். ஊரில் மாமியாருக்கும் மருமகளுக்கும் பிணக்கு. வீட்டுக் கடிதங்கள் ஒழுங்காக வருவதில்லை.

ஹார்டி அவரிடம் மிகுந்த அன்பு கொண்டவர்தான். ஆனால் இருவருடைய பேச்சும் கணிதத்தைச் சுற்றியே இருந்தது. சாப்பிட்டாயா, வீட்டிலிருந்து கடிதம் வந்ததா என்று கேட்க அங்கே ஒரு நாராயண அய்யர் இல்லை.

1917-ல் ராமானுஜன் நோயில் விழுந்தார். ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரியாக நாட்கள் கழிந்தன. 1918-ன் தொடக்கத்தில் மனம் உடைந்து லண்டனில் உயிரை விடத் துணிந்தார். தெய்வாதீனமாகப் பிழைத்தார். ஆனால் போலீஸ் பிடித்துக்கொண்டது. அன்றைய ஆங்கிலச் சட்டப்படி அது குற்றம்! ஹார்டி ஓடோடி வந்து, பிடிபட்டவர் எப்பேர்ப்பட்ட மேதை என்பதை எடுத்துச் சொல்லி மீட்டார்.

அதே ஆண்டில் ராயல் சொசைட்டி ராமானுஜனை உறுப்பினராக்கியது. அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியும் அவரைத் தன் பெல்லோவாக ஏற்றது. பாராட்டு, மருந்து செய்யாத வேலையைச் செய்தது. அவர் மீண்டும் உற்சாகமாக எழுதத் தொடங்கினார். ஆனால் உடம்பு இடங்கொடுக்கவில்லை. 1919-ல் தாயகம் திரும்பினார். 1920-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. கடைசி மாதங்களிலும் படுக்கையில் இருந்தபடியே கணக்குப் போட்டார்.

சட்டம் மாறியது

மனம் உடைந்தவரைக் குற்றவாளியாக்கும் சட்டத்தை இங்கிலாந்து 1961-ல் நீக்கியது. இந்தியாவில் 2017-ம் ஆண்டின் மனநலச் சட்டம், அப்படிப்பட்டவர் கடும் மன நெருக்கடியில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் ஆதரவும் தர வேண்டும் என்று சொல்கிறது. 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினால் கட்டணமின்றி மனநல ஆலோசனை கிடைக்கும்.

சட்டமும் தொலைபேசியும் ஆபத்து நேரத்துக்கு உதவும். ஆபத்து வரும் முன்னே உதவ வேண்டியவர், பக்கத்து நாற்காலியில் இருப்பவர். சென்னைத் துறைமுகமானாலும் சரி, அறந்தாங்கிக் கடைவீதியானாலும் சரி, கணக்கெழுதுகிறவரின் முகம் வாடியிருப்பதை முதலில் பார்க்கக் கூடியவர் அவருடைய முதலாளியோ மேலதிகாரியோதான். நாராயண அய்யர் அதற்காகப் பெரிதாகச் செலவு செய்துவிடவில்லை. ஒரு சிலேட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.