காழி ஷுரைஹ் (ரஹ்) அவர்களின் நீதி மன்றம்

கலீபா உமர் (ரலி) அவர்கள் ஒருவரிடம் குதிரையொன்றை விலை பேசினார்கள். நடை பார்ப்பதற்காக அதன் மீது ஏறிச் சென்றபோது அது அடிபட்டுக் கெட்டுவிட்டது. குதிரையைத் திருப்பிக் கொடுக்க முயன்றார்கள். உடையவரோ வாங்க மறுத்துவிட்டார். நடுவர் ஒருவரை வைத்துக் கொள்வோம் என்று கலீபா கூற, அந்த மனிதர் ஷுரைஹ் என்பவரின் பெயரைச் சொன்னார். இருவரும் அவரிடம் சென்றார்கள். வாங்கியதை ஏற்றுக் கொள்ளுங்கள், இல்லையேல் எடுத்தபோது இருந்தபடியே திருப்பிக் கொடுங்கள் என்று அமீருல் முஃமினீனின் முகத்துக்கு நேரே அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். உமர் (ரலி) அவர்கள் கோபம் கொள்ளவில்லை. நீதி என்பது இதுவன்றி வேறென்ன என்று வியந்து, அவரைக் கூஃபாவின் காழியாக அனுப்பி வைத்தார்கள்.

அதன் பின்னர் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அந்த விரிப்பிலேயே அவர்கள் அமர்ந்திருந்தார்கள்.

அபூ உமையா ஷுரைஹ் இப்னு ஹாரிஸ் அல்கிந்தி (ரஹ்) அவர்கள் யமன் நாட்டைச் சேர்ந்தவர்கள். நாயகம் (ஸல்) அவர்களின் காலத்திலேயே வாழ்ந்திருந்தும் சந்திக்கும் பாக்கியம் கிட்டவில்லை என்பதே பெரும்பாலோர் கருத்து. ஆகவே தாபியீன்களில் வைத்து எண்ணப்படுகிறார்கள். கவிதை புனைவார்கள். முகத்தில் தாடி முளைக்காதவர்கள். வேடிக்கையாகப் பேசும் சுபாவமும் உண்டு. அந்த வேடிக்கையில் சட்டமும் கலந்திருக்கும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கூஃபா ஹிஜ்ரி 17-ல் எழுப்பப்பட்ட புதிய ஊர். பல கோத்திரத்தாரும் பிற நாட்டாரும் நெருங்கி வாழ்ந்த இடம். வழக்குகளுக்குக் கேட்பானேன்! உமர் (ரலி) அவர்கள் எழுதிய கடிதம் அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தது. முதலில் அல்லாஹ்வின் வேதத்தைப் பார்க்க வேண்டும். அதில் இல்லையெனில் ரசூலுல்லாஹ்வின் சுன்னத்து. அதிலும் இல்லையெனில் நல்லோர் அளித்த தீர்ப்புகள். எதிலும் கிடைக்காதபோது சொந்த ஆய்வைச் செலுத்தலாம், அல்லது ஒதுங்கி நிற்கலாம், ஒதுங்குவதே நலம் என்பது அக்கடிதத்தின் கருத்து. நஸயீயில் இது பதிவாகியுள்ளது.

அவர்களின் மன்றம் பெரும்பாலும் பள்ளிவாசலில்தான் கூடும். மழை நாட்களில் வீட்டிலேயே வழக்குக் கேட்பார்கள். கோபம் வந்தாலோ, பசியெடுத்தாலோ எழுந்துவிடுவார்கள். பசித்த வயிறும் கொதிக்கும் நெஞ்சும் தீர்ப்பைச் சாய்த்துவிடும் என்ற அச்சம்! காழிப் பணிக்காகச் சம்பளம் பெற்றார்கள். இதனை இமாம் புகாரி (ரஹ்) அவர்களும் குறிப்பிடுகிறார்கள். வயிற்றுப்பாட்டுக்கு வழியில்லாத காழியின் வாசலில்தான் லஞ்சம் வந்து நிற்கும்.

வழக்காடுவோர் வந்து அமர்ந்ததும், அநீதி செய்தவன் தண்டனையை எதிர்பார்த்திருக்கிறான், அநீதிக்குள்ளானவன் உதவியை எதிர்பார்த்திருக்கிறான் என்ற எச்சரிக்கை அவர்கள் காதில் விழும். வாதி ஆதாரம் கொண்டுவர வேண்டும். மறுப்பவர் சத்தியம் செய்ய வேண்டும். நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்த இந்த விதியில்தான் மன்றம் முழுவதும் நின்றது. பிரதிவாதி சத்தியம் செய்து தப்பித்த பின்னர் வாதிக்குச் சாட்சி கிடைத்தால் என்ன செய்வது? கிடைத்த சாட்சியை ஏற்பார்கள். பொய்ச் சத்தியத்தைவிட நேர்மையான சாட்சியமே மேலானது என்பது அவர்களின் முடிவு. கடனைத் தராது இழுத்தடிப்பவனைப் பள்ளிவாசல் தூணோடு தடுத்து வைக்கும்படி ஆணையிடுவதும் உண்டு.

சாட்சிகளிடத்தில் அவர்கள் பேசும் முறையே தனி. நான் உங்களை அழைக்கவில்லை; நீங்கள் எழுந்து போனால் தடுக்கவும் மாட்டேன்; உண்மையில் இந்த மனிதருக்கு எதிராகத் தீர்ப்பளிப்பவர்கள் நீங்களே; உங்களை வைத்து நான் என்னைக் காத்துக் கொள்கிறேன், நீங்களும் உங்களைக் காத்துக் கொள்ளுங்கள் என்ற கருத்தில் சொல்வார்கள். அத்துடன் விடாமல், சாட்சிகளின் நடத்தையை இரகசியமாக விசாரிக்கும் வழக்கத்தையும் தொடங்கி வைத்தார்கள். இது புதிய முறையாயிற்றே என்று சிலர் கேட்டபோது, மக்கள் புதிது புதிதாகச் செய்யத் துவங்கியதால் நானும் செய்தேன் என்று பதிலளித்தார்கள். மதரஸாவில் ஹிதாயாவின் அதபுல் காழி பாடம் ஓதியபோது இது வறண்ட சட்டமாகத்தான் எனக்குப் பட்டது. ஷுரைஹ் அவர்களின் செய்திகளைப் படித்த பிறகே, பொய்ச் சாட்சிகளோடு ஒரு மனிதர் அன்றாடம் போராடிய போராட்டம் அதன் பின்னால் இருப்பது விளங்கிற்று.

தாமே அறிந்த விஷயமாயினும் அதைக் கொண்டு தீர்ப்பளிக்க மாட்டார்கள். ஒருவர் வந்து தமக்குச் சாட்சியாக இருக்குமாறு வேண்டியபோது, வழக்கை அமீரிடம் கொண்டு போங்கள், அங்கே வந்து சாட்சி சொல்கிறேன் என்றுதான் கூறினார்கள்.

ஒரு பெண் மன்றத்தில் வந்து கண்ணீர் வடித்தாள். அருகிலிருந்த ஷஅபீ (ரஹ்) அவர்கள், பாவம், அநீதி இழைக்கப்பட்டவள் போலும் என்றார்கள். யூசுஃப் (அலை) அவர்களின் சகோதரர்களும் இரவில் அழுதுகொண்டுதான் தந்தையிடம் வந்தார்கள் என்று காழி அவர்கள் நினைவூட்டினார்கள்.

வேடிக்கைப் பேச்சு என்றேனல்லவா! அதீ இப்னு அர்த்தாத் என்பவர் ஒரு நாள் வந்தார். தாம் ஷாம் நாட்டவர் என்றார். வெகு தூரம்தான் என்றார்கள். மணமுடித்திருப்பதாகச் சொன்னார், வாழ்த்தினார்கள். மனைவியைத் தம் ஊருக்கு அழைத்துப் போக விரும்புவதாகச் சொன்னார்; கணவனுக்கு உரிமை உண்டு என்றார்கள். ஆனால் அவளுடைய வீட்டிலேயே வைத்திருப்பதாக நிபந்தனை ஏற்றிருப்பதையும் சொன்னார். நிபந்தனை நிறைவேற்றப்பட வேண்டும் என்றார்கள். அப்படியானால் எங்களுக்குள் தீர்ப்புக் கூறுங்கள் என்றார். கூறியாயிற்று என்றார்கள். யாருக்கு எதிராக? உம் தாயின் மகனுக்கு எதிராக. யார் சாட்சி? உம் சிற்றன்னையினுடைய சகோதரியின் மகன். அதாவது அவரேதான்! தன் வாயால் ஒப்புக் கொண்டவனுக்கு வேறு சாட்சி எதற்கு?

சொந்த மகனின் விஷயத்தில் என்ன செய்தார்கள்? மகனுக்கும் சிலருக்கும் தகராறு. என் பக்கம் நியாயமிருந்தால் வழக்காடுவேன், இல்லையேல் விட்டுவிடுவேன் என்று மகன் தந்தையிடம் விவரத்தைச் சொன்னார். போய் வழக்குத் தொடு என்றார்கள் தந்தை. மன்றத்தில் மகனுக்கு எதிராகவே தீர்ப்பாயிற்று. வீட்டுக்கு வந்து மகன் வருத்தப்பட்டபோது, பூமி நிறைய அவர்களைப் போன்றோர் இருந்தாலும் எனக்கு நீயே பிரியமானவன், ஆனால் அல்லாஹ் உன்னைவிடப் பிரியமானவன் என்றார்கள். முன்கூட்டியே சொல்லியிருந்தால் நீ சமாதானம் பேசி அவர்களின் உரிமையில் ஒரு பகுதியைப் பறித்திருப்பாய் என்றும் விளக்கினார்கள். மற்றொரு முறை, ஒருவனுக்கு மகன் பிணை நின்றார், அவன் ஓடிவிட்டான். மகனைச் சிறையிலிட்டு, சிறைக்குச் சாப்பாட்டைத் தாமே கொண்டு போய்க் கொடுத்தார்கள்.

அலீ (ரலி) அவர்கள் தம் கவசத்துக்காக ஒரு யூதருடன் வழக்காட வந்ததாகவும், மகன் ஹஸன் (ரலி) அவர்களின் சாட்சியத்தைக் காழி ஏற்கவில்லை என்றும் நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அந்த அறிவிப்பின் தொடர் பலவீனமானது என்பதையும் வாசகர்கள் தெரிந்திருப்பது நல்லது.

அவர்களிடம் தவறே நிகழவில்லை என்று கூறுவதற்கில்லை. ஒரு வாலிபரின் தந்தை சிலருடன் பயணம் போய்த் திரும்பவில்லை. இறந்துவிட்டார், பொருள் எதுவும் விட்டுப் போகவில்லை என்றனர் உடன் போனோர். ஷுரைஹ் அவர்கள் சத்தியம் வாங்கிக் கொண்டு அவர்களை விட்டுவிட்டார்கள். வாலிபர் அலீ (ரலி) அவர்களிடம் முறையிட்டார். அவர்களோ இவர்களைத் தனித்தனியே பிரித்து, நாள், இடம், நோய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பேச்சு முரண்பட்டது; கொலை வெளிப்பட்டது.

ஹிஜ்ரி 60-ல் நடந்ததும் உண்டு. கூஃபாவின் ஆளுநர் உபைதுல்லாஹ் இப்னு ஸியாத், ஹானீ இப்னு உர்வாவைப் பிடித்து அடைத்து வைத்தான். அவர் கொல்லப்பட்டார் என்றெண்ணி அவருடைய கூட்டத்தார் கோட்டையைச் சூழ்ந்தனர். ஷுரைஹ் அவர்கள் வெளியே அனுப்பப்பட்டு, அவர் உயிரோடிருக்கிறார் என்று அறிவிக்க, கூட்டம் கலைந்தது. சொன்னது உண்மைதான். ஆனால் ஹானீ உதவி கேட்டுச் சொல்லியனுப்பிய செய்தி அவர்களின் வாயிலேயே நின்றுவிட்டது. ஆளுநரின் காவலன் உடனிருந்ததே காரணம் என்று அவர்களே பிற்பாடு கூறியதாகத் தபரீ எழுதுகிறார். ஹானீ பின்னர் கொல்லப்பட்டார். மன்றத்தில் கலீபாவுக்கு முன் தளராத நா, வாளின் முன் தயங்கிற்று. இந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது.

பிந்திய குழப்பக் காலத்தில் தீர்ப்பளிக்காமல் ஒதுங்கினார்கள். முக்தார் கூஃபாவைப் பிடித்தபோது நோயென்று கூறி விலகிக் கொண்டார்கள். இறுதியில் ஹஜ்ஜாஜிடம் விடுதலை கேட்டுப் பெற்று, தமக்குப் பதிலாக அபூ மூஸா (ரலி) அவர்களின் மகன் அபூ புர்தாவை நியமிக்க ஆலோசனை கூறினார்கள்.

வழக்கில் வென்றவரிடம் அவர்கள் சொல்லி வந்த ஒரு சொல் உண்டு. நீ அநியாயக்காரன் என்றே என் மனம் கருதினாலும், சாட்சியைக் கொண்டே தீர்ப்பளிக்கிறேன். ஹராமானதை என் தீர்ப்பு உனக்கு ஹலாலாக்கிவிடாது என்பதே அதன் கருத்து.

வீட்டுத் தண்ணீர் தெருவில் விழாதபடி வடிகாலை உட்பக்கமே அமைத்திருந்தார்கள். வீட்டுப் பூனை செத்தாலும் பிறருக்குத் தொல்லையாகாமல் தம் வளவுக்குள்ளேயே போடச் செய்வார்கள். நூறு வயதைக் கடந்து, ஹிஜ்ரி 80-ஐ ஒட்டி மறைந்தார்கள். தம் மரணத்தை யாருக்கும் அறிவிக்க வேண்டாம், ஒப்பாரி வைப்பவள் பின்னால் வரக் கூடாது, ஜனாஸாவை விரைந்து கொண்டு செல்ல வேண்டும், கப்ரின் மீது துணி போர்த்தக் கூடாது என்று வஸிய்யத்துச் செய்திருந்தார்கள்.