மாத்திரைக்குள் ஈரம் புகுந்தால் ஒளி காட்டிக்கொடுக்கும்: யார் இந்த கே.எஸ். கிருஷ்ணன்?

மாத்திரைப் புட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு குட்டிப் பொட்டலம் இருக்கும். சாப்பிடக்கூடாதுன்னு அதன்மேல் எழுதியிருக்கும். காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சுவதுதான் அதன் வேலை. நம்ம ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா என்ன?

பல மருந்துகள் கரிமப் படிகங்கள். அதாவது, கார்பன் அடிப்படையிலான மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கப்பட்ட திடப்பொருள். ஈரம் பட்டால் நீர் மூலக்கூறுகள் படிகத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். சில படிகங்களில் அதோடு நிற்காது. உள்ளே நுழைந்து அடுக்கையே மாற்றிவிடும். வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமாஸெபைன் அப்படி ஒரு மருந்து. நீரைச் சேர்த்துக்கொண்ட அதன் படிகம் மெதுவாகத்தான் கரையும்.

இந்த மாற்றத்தை மாத்திரையை உடைக்காமலே கண்டுபிடிக்கலாம். ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தால் போதும். அந்த முறைக்குப் பெயர் ராமன் நிறமாலையியல். சி.வி. ராமனை எல்லாருக்கும் தெரியும். 1928-இல் வந்த முதல் கட்டுரையில் அவரோடு இன்னொரு பெயரும் இருந்தது. அவர்தான் கே.எஸ். கிருஷ்ணன்.

வத்திராயிருப்பிலிருந்து கல்கத்தாவுக்கு

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4-ஆம் தேதி, ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே வத்திராயிருப்பில் பிறந்தார். அப்பா விவசாயி, தமிழிலும் சமஸ்கிருதத்திலும் புலமை உள்ளவர். மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரி. அங்கேயே செய்முறை வகுப்பு உதவியாளராக இருந்தபோது மதிய இடைவேளையில் அறிவியல் பேசுவார். கேட்க மற்ற கல்லூரி மாணவர்களும் வந்துவிடுவார்களாம்!

1920-இல் கல்கத்தா போனார். 1923-இல் ராமனின் ஆய்வுக்குழுவில் சேர்ந்தார். 60-க்கும் மேற்பட்ட திரவங்களில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று பார்ப்பது அவர் வேலை. கேட்க எளிதாகத் தெரியும். ஆனால் ஒரு தூசு இருந்தாலும் முடிவு கெட்டுப்போகும். அதனால் திரவத்தை வெற்றிடத்தில் திரும்பத் திரும்ப வடித்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

1928 பிப்ரவரியில் அந்தப் பொறுமைக்குப் பலன் கிடைத்தது. சூரிய ஒளியை வடிகட்டி, நீலஊதா ஒளியை மட்டும் திரவத்துக்குள் அனுப்பினார்கள். அந்த நிறத்தைத் தடுக்கும் இன்னொரு வடிகட்டியைக் கண்முன் வைத்துப் பார்த்தார்கள். எதுவும் தெரிந்திருக்கக் கூடாது. ஆனால் மங்கலாக ஒரு ஒளி தெரிந்தது. சிதறும் ஒளியில் மிகமிகச் சிறிய பங்கு, மூலக்கூறின் அதிர்வோடு ஆற்றலைப் பரிமாறிக்கொண்டு நிறம் மாறி வருகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் அந்த மாற்றம் வேறுவேறு. கைரேகை மாதிரி.

1930-இல் நோபெல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. வழிநடத்தியவர் ராமன்தான், சந்தேகமில்லை. ஆனாலும் இருட்டறையில் மணிக்கணக்கில் கண்ணை வருத்திக்கொண்டவரின் பெயர் நம்ம பாடப்புத்தகங்களில் இவ்வளவு சின்னதாகிப் போனது நியாயமாகப் படவில்லை.

அந்துருண்டைக்குள் என்ன இருக்கு?

கிருஷ்ணன் அதையே நினைத்து உட்கார்ந்துவிடவில்லை. 1928 கடைசியில் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். இந்த முறை கரிமப் படிகங்கள். அந்துருண்டையில் இருக்கும் நாஃப்தலீன், அதன் உறவுக்காரரான ஆந்த்ரசீன் போன்றவை. படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தார். அதை வைத்தே உள்ளே மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று சொன்னார். இந்த வேலையில் லண்டனின் கேத்லீன் லான்ஸ்டேலும் அவரோடு சேர்ந்து 1936-இல் கட்டுரை எழுதினார்.

1940-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1947-இல் புதுடெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர், 1958-இல் முதல் பட்நாகர் விருது. 1961 ஜூன் 14-ஆம் தேதி காலமானார்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் உலகின் முதல் லேசர் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. பாதரச விளக்குகளின் இடத்தை அந்தக் கூர்மையான ஒளி பிடித்தபிறகு ராமன் முறை வேகமாகப் பரவியது. இந்த முறையில் நீர் மங்கலாகத்தான் தெரியும். அது ஒரு வசதி. மருந்து ஈரமாக இருந்தாலும் படிகத்தின் கோடுகளை நீர் மறைக்காது. நீர் உள்ளே நுழைந்து படிகத்தின் அடுக்கு மாறினால் அந்தக் கோடுகளும் இடம் மாறும். இன்று மருந்து ஆய்வகங்களில் அதைத்தான் பார்க்கிறார்கள்.