மாமிக்குத் துணையாகப் போனபோது டொக்டர் கிறீனை நினைத்தேன்

மாமியின் இடுப்பில் 2009இல் பாய்ந்த ஷெல் துண்டு இன்னும் இருக்கிறது. அதை எடுப்பதற்காகத் தெற்கிலுள்ள ஒரு பெரிய வைத்தியசாலைக்குத் தனியாகத்தான் போனார். சிங்களத்தில் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தார். இரத்தம் உறையாமலிருக்க அவர் குடிக்கும் குளிசையைச் சத்திரசிகிச்சைக்கு முன்னர் நிறுத்தச் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. குறித்த நாளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அழுதார்.

அன்றிரவு எனக்கு மானிப்பாய் டொக்டர் கிறீனின் நினைவு வந்தது.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். 1847இல் மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். விரைவிலேயே மானிப்பாயை இருப்பிடமாக்கி நோயாளரைப் பார்த்தார், மாணவர்களுக்கு வைத்தியம் படிப்பித்தார். தொடக்கத்தில் படிப்பு ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலம் படித்தவர்கள் உத்தியோகம் தேடி வெளியே போய்விடுவதையும் ஊர்ச் சனத்துக்கு வைத்தியர் கிடைக்காததையும் அவர் கண்டார்.

1857இல் ஊர் திரும்பி, 1862இல் மீண்டும் வந்தவர், வைத்தியக் கல்வியைத் தமிழுக்கு மாற்றினார். அதற்கு முதலில் தானே தமிழ் படித்திருந்தார். புத்தகம் இல்லாத இடத்தில் புத்தகம் ஆக்கினார். 1867இல் இரணவைத்தியம், 1872இல் மனுஷவங்காதிபாதம் வெளிவந்தன. உடலுறுப்புகளுக்கும் நோய்களுக்கும் தமிழ்ச் சொற்களைத் தேடித் தொகுத்தார். அவரிடம் படித்து வைத்தியரானவர்கள் 60 பேருக்கு மேல். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தமிழிலேயே படித்தவர்கள்.

உடல்நலம் குன்றி 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனார். போன பின்னும் மொழிபெயர்ப்பை விடவில்லை. 1884இல் இறந்தார். தமிழருக்கு வைத்தியம் செய்த மிஷனரி என்றே தன் கல்லறையில் எழுதப்பட வேண்டும் என்று விரும்பினார். மானிப்பாய் வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத்தான் சுமக்கிறது.

நோயாளிக்கு மருந்து மட்டும் போதாது, தன் மொழியில் கேட்கவும் பதில் பெறவும் பக்கத்தில் ஆள் வேண்டும் என்பதை அவர் 150 வருடங்களுக்கு முன்பே விளங்கிக்கொண்டிருந்தார். எங்களுக்கு அந்த ஆள் எங்கே? நான் ஊருக்குள் விசாரித்தேன். ஓய்வுபெற்ற தாதி ஒருவர் மூன்றாவது ஒழுங்கையில் இருந்தார். சிங்களமும் தெரியும். கேட்டதும் சம்மதித்தார், காசு வாங்கவில்லை.

அடுத்த முறை மூவருமாகப் போனோம். குடிக்கும் குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் கொண்டுபோனோம். கேள்விகளைக் கொப்பியில் எழுதியிருந்தோம். எந்தக் குளிசையை, எந்த நாளில் நிறுத்துவது என்று தாதி கேட்டு, தமிழில் எழுதி மாமிக்கு வாசித்துக் காட்டினார். மாமி இம்முறை தலையாட்டவில்லை, திருப்பிக் கேள்வி கேட்டார்.

உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். ஓய்வுபெற்ற தாதியோ, ஆசிரியரோ, சிங்களம் தெரிந்த பிள்ளையோ. வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள்.