பள்ளி எழுப்பிய புக்கர் டி. வாஷிங்டன்

மராட்டியத்தில் மகாத்மா ஜோதிராவ் புலே 1873 ஆம் ஆண்டில் 'குலாம்கிரி' என்னும் நூலை வெளியிட்டபோது, அடிமைகளின் விடுதலைக்காக உழைத்த அமெரிக்க நன்மக்களுக்கே அதனைக் காணிக்கையாக்கினார். கடல் கடந்த அம்மக்களின் வரலாற்றை நம்மவர் அன்று தொட்டே உற்று நோக்கி வந்துள்ளனர் என்பதற்கு இஃது ஒரு சான்று. அந்நாளில் வர்ஜீனியா மாநிலத்தின் ஹாம்ப்டன் கல்விக்கூடத்தில், விடுதலை பெற்ற அடிமைச் சிறுவர்களுள் ஒருவர், வகுப்பறைகளைப் பெருக்கித் துடைத்து அவ்வூதியத்தைக் கொண்டு கல்வி பயின்று வந்தார். அவரே புக்கர் டி. வாஷிங்டன். பள்ளிக் கட்டடம் என்பதை அவர் எவ்வாறு கருதினார் என்பதையே இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

1856 ஆம் ஆண்டில் வர்ஜீனியாவின் பண்ணையொன்றில் அடிமைத் தாயின் மகனாக அவர் பிறந்தார். 1865 ஆம் ஆண்டில் விடுதலை வந்தது, வறுமை அகலவில்லை. உப்புக் காய்ச்சும் உலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் சிறுவயதிலேயே உழைத்தார். 1872 இல் ஏறத்தாழ 500 மைல் தொலைவைப் பெரும்பாலும் நடந்தே கடந்து ஹாம்ப்டனை அடைந்தார். மூன்று மாடிச் செங்கற் கட்டடமாக நிமிர்ந்து நின்ற அப்பள்ளியைக் கண்ட கணமே தம் பயணக் களைப்பு நீங்கியதாகப் பின்னாளில் அவர் எழுதினார். குடிசையன்றி வேறொன்றும் அறியாத பிள்ளைக்கு ஒரு கட்டடத்தின் தோற்றமே முதற் பாடமாயிற்று.

1881 ஆம் ஆண்டு ஜூலை 4 ஆம் நாள், அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி என்னும் சிற்றூரில், முப்பது மாணவர்களுடன் அவர் பள்ளியைத் தொடங்கினார். இடம், தேவாலயத்தையொட்டிய ஒரு பாழடைந்த கொட்டகை. மழை பெய்தால் மாணவர் ஒருவர் எழுந்து சென்று ஆசிரியருக்குக் குடை பிடிக்க, ஆசிரியர் பாடம் கேட்பார். ஒழுகும் கூரையின் கீழ் எழுத்தறிந்தோர் நம்முள்ளும் பலர். ஆதலின் இக்காட்சியை நமக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சில திங்களில் 500 டாலருக்கு ஒரு பழைய பண்ணை நிலம் விலைக்கு வந்தது. முன்பணம் 250 டாலரை ஹாம்ப்டனின் பொருளாளர் தம் சொந்தப் பணத்திலிருந்து கடனாக அளித்தார். அங்கிருந்த குதிரை லாயமும் கோழிக்கூடும் முதலில் வகுப்பறைகளாயின. பின்னர்ப் புதுக் கட்டடம் எழுப்ப முனைந்தபோது, செங்கல்லை மாணவர்களே அறுக்க வேண்டுமென வாஷிங்டன் முடிவு செய்தார். முழங்கால் அளவு சேற்றில் நின்று மண் மிதிக்கும் அவ்வேலையை மாணவர் வெறுத்தனர். சிலர் பள்ளியை விட்டே அகன்றனர். முதற் சூளை வேகவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் அவ்வாறே பாழாயின. கையிற் காசில்லாத நிலையில், தம் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நான்காம் சூளையை மூட்டினார். அது வெந்தது. அக்கடிகாரத்தை அவர் பின்னர் மீட்கவேயில்லை. காலப்போக்கில் அச்செங்கல்லின் தரங்கண்டு சுற்றுப்புற வெள்ளையரும் அங்கு வந்து விலைக்கு வாங்கிச் சென்றனர்.

புதிதாகச் சேர்ந்த மாணவன் சுவரிற் கத்தியால் கீற முற்படுங்கால், மூத்த மாணவன் ஒருவன் அவனைத் தடுத்து, அஃது தாங்கள் கட்டிய சுவரென்று நினைவூட்டுவதுண்டாம். நூற்றாண்டின் தொடக்கத்தில் டஸ்கீகியில் நாற்பது கட்டடங்கள் இருந்தன. அவற்றுள் நான்கு நீங்கலாக ஏனையவை மாணவர் உழைப்பில் எழுந்தவை.

இவற்றுட் பலவற்றுக்கு வரைபடம் வகுத்தவர் இராபர்ட் டெய்லர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் 1892 ஆம் ஆண்டு பட்டம் பெற்ற இவரே அங்குத் தேறிய முதற் கறுப்பின மாணவர். இவ்விடத்து ஒன்றைக் கூறாமல் விடுதல் முறையன்று. கைத்தொழிலே தம் மக்களுக்கு முதற்கண் வேண்டுவது, அரசியல் உரிமைக்கு அவசரம் வேண்டாம் என்பது வாஷிங்டனின் கொள்கை. 1895 இல் அட்லாண்டா நகரில் அவர் ஆற்றிய பேருரை அக்கொள்கையை நாடறியச் செய்தது. அறிஞர் டு போய்ஸ் 1903 ஆம் ஆண்டு தம் நூலில் இதனை வன்மையாகக் கண்டித்தார். நாமும் டு போய்ஸின் பக்கமே நிற்கின்றோம். பரம்பரைத் தொழிலிலேயே கட்டுண்டு கிடக்குமாறு விதிக்கப்பட்டவர்க்கு மீண்டும் தொழிலையே கல்வியென்று காட்டுதல் போதாது. வாஷிங்டனே உயர்கல்வி பெற்ற டெய்லரைத் தேடிக் கொணர்ந்தார். தம் மகளை இசை பயில ஜெர்மனிக்கு அனுப்பினார். அவர் செயல் அவர் கொள்கையினும் பெரிதாயிருந்தது எனலாம்.

அச்செயல் டஸ்கீகியோடு நின்றுவிடவில்லை. தென் மாநிலங்களின் சிற்றூர்களில் கறுப்பினப் பிள்ளைகள் தேவாலயத்திலோ குடிசையிலோ பயின்ற காலம் அது. வரி எல்லோரிடமும் பெறப்பட்டது. பள்ளியோ பெரிதும் வெள்ளையர் பிள்ளைகளுக்கே கட்டப்பட்டது. 1912 இல் சிகாகோ வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்ட் டஸ்கீகிக்கு 25,000 டாலர் வழங்கினார். அதில் எஞ்சிய சிறு தொகையைக் கொண்டு அலபாமாவில் ஆறு சிற்றூர்ப் பள்ளிகளைக் கட்ட வாஷிங்டன் இசைவு பெற்றார். ஊர்மக்கள் தம் பங்கைப் பணமாகவோ மரமாகவோ உடலுழைப்பாகவோ தரவேண்டும் என்பது ஏற்பாடு.

1915 இல் டஸ்கீகி அப்பள்ளிகளுக்கான கட்டட வரைபடங்களை நூலாகவே வெளியிட்டது. அவ்வாண்டு நவம்பர் 14 ஆம் நாள் வாஷிங்டன் மறைந்தார். 1920 முதல் நாஷ்வில் நகர அலுவலகம் வரைபடங்களை மேலும் திருத்தி வழங்கியது. அவற்றின் நுட்பத்தை நம் இளைஞர்கள் ஊன்றிக் காணல் வேண்டும். மின்சாரம் எட்டாத ஊர்களாதலால் ஒளி முழுவதும் சன்னல் வழியே வரவேண்டும். எனவே உயர்ந்த சன்னல்கள் ஒரே பக்கத்தில் வரிசையாக அமைந்தன. வலக்கையால் எழுதும் பிள்ளையின் கைந்நிழல் ஏட்டில் விழாதிருக்க, ஒளி இடப்புறமிருந்து வருமாறு இருக்கைகள் இடப்பட்டன. கட்டடம் எத்திசை நோக்கி நிற்க வேண்டும் என்பதும் வரைபடத்திலேயே குறிக்கப்பட்டது. இரு வகுப்பறைகளுக்கு இடையே சுவரில்லை. நகர்த்தக்கூடிய பலகைத் தடுப்பு இருந்தது. அதனை விலக்கினால் அறைகள் இணைந்து ஊர்மன்றமாகும். பகலிற் பிள்ளைகளுக்கும் மாலையிற் பெற்றோர்க்கும் அக்கூடம் பயன்பட்டது. கைத்தொழிலுக்கும் ஓர் அறை ஒதுக்கப்பட்டிருந்தது. ஆயினும் பேரொளி விழுந்த இடம் ஏடு படிக்கும் அறையே.

1932 ஆம் ஆண்டில் இத்திட்டம் நிறைவெய்தியபோது 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகள் எழுந்திருந்தன. செலவான ஏறத்தாழ 2 கோடியே 84 இலட்சம் டாலரில் கறுப்பின மக்கள் நேரே தந்தது 47 இலட்சத்துக்கும் மேல். இது ரோசன்வால்ட் நிதியின் பங்கைக் காட்டிலும் மிகுதி. பருத்திக் காட்டிற் கூலி செய்தவர்கள் வரியும் செலுத்தி, நன்கொடையும் தந்து, ஒரே பள்ளிக்கு இருமுறை விலை கொடுத்தனர்.

எழுத்தாளர் மாயா ஆஞ்சலோ இத்தகைய பள்ளியொன்றிற் பயின்றவர். குடியுரிமைப் போராளியும் 1987 முதல் 2020 வரை அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராயிருந்தவருமான ஜான் லூயிஸ், அலபாமாவில் அத்தகையதொரு சிறு பள்ளியில் எழுத்தறிந்தவர். உரிமைக்கு அவசரம் வேண்டாமென்ற பெரியவர் வித்திட்ட பள்ளிகளிலிருந்து உரிமைக்குப் போராடுவோர் தோன்றினர். 1954 ஆம் ஆண்டில் நிறவாரியான தனிப்பள்ளிகள் சட்டத்திற்கு முரணானவை என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னர், இப்பள்ளிகள் படிப்படியாக மூடப்பட்டன. எஞ்சி நிற்கும் சில நூறு கட்டடங்களுட் சிலவற்றைப் பழைய மாணவர்களே பொருள் திரட்டிப் பழுது பார்த்து, ஊர்க்கூட்டம் நடத்தும் மன்றங்களாக்கியுள்ளனர்.